நான் செத்துப்போன புதன்கிழமை

1

வருகிற புதன்கிழமையோடு நான் செத்து ஒரு வருடம்.

யாரும் பதற வேண்டாம். இதை எழுதுகிறவள் நான்தான். நோர்வேயின் மேற்குக் கரையில், மழை விட்ட நாளைக் கொண்டாடுகிற ஒரு சிறு பட்டினத்தில், என் தையல்கடையின் பின்னறையில் இருந்து எழுதுகிறேன். விரலில் ஊசி குத்தினால் இன்னும் நோகிறது. அதனால் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

நேற்று விசுவமடுவிலிருந்து அக்கா போன் எடுத்தார்.

“மலர், உன்ர ஆட்டைத் திவசம் வருதடி. என்ன படைக்கிறது? நண்டுக்கறி வைக்கட்டோ?”

“வையுங்கோ அக்கா. உறைப்பைக் கொஞ்சம் குறைச்சு வையுங்கோ. செத்தவளுக்கு இப்ப வயித்தெரிவு.”

“செத்தும் உனக்கு நொட்டை சொல்லுற குணம் போகேல்லை.”

இருவரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கேட்டால் மிளகாய்த்தூள் என்பார். அக்கா நடத்துவது மிளகாய் திரிக்கிற மில். அழுகைக்கு எப்போதும் ஒரு சாட்டு அவருக்குக் கைவசம் இருக்கும்.

ஊரில் இருக்கிற உங்களில் சிலருக்கு இந்தக் கதை அரைகுறையாகத் தெரிந்திருக்கும். விசுவமடுவில் ஒருமாதிரியும் வட்டக்கச்சியில் வேறுமாதிரியும் சொல்கிறார்களாம். கடைசியாக நான் கேள்விப்பட்டதில், நான் ஒரு கப்பலில் இருந்து தவறி விழுந்திருக்கிறேன். ஆகவே செத்தவளே வாயைத் திறந்து சொல்லிவிடுவது நல்லது.

2

நாங்கள் வட்டக்கச்சிப் பிள்ளைகள், இரண்டே பேர். அக்கா என்னைவிட எட்டு வயது மூப்பு. கல்யாணம் முடித்து விசுவமடுவுக்குப் போனார். அத்தான் கடைசிச் சண்டையோடு இல்லாமல் போனார். பிள்ளைகளும் இல்லை. முகாமில் இருந்து திரும்பி வந்த அக்கா, வீட்டு வளவுக்குள்ளேயே தகரத்தால் ஒரு கொட்டில் அடித்து, ஒரு மெசினை வைத்து மில் தொடங்கினார். இன்று அங்கே மூன்று மெசின்கள் ஓடுகின்றன. வறுத்த மிளகாய், அரிசி, பயறு என்று சனம் எதைக் கொண்டுவந்தாலும் திரித்துக் கொடுப்பார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அக்காவுக்கு மிச்சமாக இருக்கிற நெருங்கிய சொந்தம் நான் ஒருத்திதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நான் கல்யாணம் முடித்து இங்கே வந்தேன். இவருக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. எங்களுக்கு ஒரே மகள், ஆரணி. அவள் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கியபோது நான் இந்தக் கடையைத் திறந்தேன். காற்சட்டைக் கரை மடிக்கிறது, பழுதான ஸிப் மாற்றுகிறது, இடுப்பை இளக்குகிறது எல்லாம் இங்கே நடக்கும். மே மாதம் வந்தால் வெள்ளைக்காரப் பெண்கள் தங்கள் பாரம்பரிய உடுப்போடு வரிசையில் நிற்பார்கள். தேசிய நாளுக்கென்று வருடத்துக்கு ஒருமுறை உடுக்கிற உடுப்பு, வருடம் முழுக்க வளர்கிற இடுப்பு. எனக்கு அது அறுவடைக் காலம்.

ஆரணி இந்தக் கடையில்தான் வளர்ந்தாள். தைக்கும்போது குண்டூசிகளை உதட்டுக்கிடையில் கவ்விக்கொள்வது என் பழக்கம். அதனால் நான் வாய் திறந்து கதைக்க முடியாது. ஒரு “ம்” என்றால் ஓம், இரண்டு “ம்” என்றால் இல்லை, மூன்று என்றால் போய்ப் படி. இந்தப் பாஷையை அவள் தமிழுக்கும் நோர்வேஜிய மொழிக்கும் முதலே பழகிவிட்டாள். அதைப் பெரிய கெட்டித்தனம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் படிக்கவென்று நகரத்துக்குப் போனாள். பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். இடையில் கடலைக் கடக்கிற இடத்தில் பஸ்ஸையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகிற கப்பல் ஒன்று உண்டு. அவளை அறையில் கொண்டுபோய் விடுகிற நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை கடையில் சனம் கூடுகிற நாள். ஆகவே தகப்பனையும் ஒரு சோற்றுச் சட்டியையும் அனுப்பிவைத்தேன்.

முதல் மாதங்களில் அவள் பகல் பதினொரு மணிபோல் எடுப்பாள். வகுப்புக்கு இடையில் அவளுக்கு அப்போதுதான் நேரம். எனக்கு அப்போதுதான் கடையில் ஆள். “பிறகு எடுக்கிறன் மகள்” என்பேன். ஆறரைக்குக் கடையைப் பூட்டி, சமைத்து, பாத்திரம் கழுவிவிட்டு எடுத்தால் அவள் வேறு எங்கோ இருப்பாள். ஒருநாள் அவளுடைய குரல் கம்மியிருந்தது. “அம்மா, கொஞ்சம் கதைக்கலாமோ?” என்று கேட்டாள். முன்னால் ஒருவர் காற்சட்டை மாற்றி அணிந்துகொண்டு நின்றார். பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். பிறகு எடுத்தபோது, “இல்லை, இப்ப ஓகே” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பதினொரு மணிக்கு எடுக்கவில்லை. கிழமைக்கு ஒருமுறை போனில் ஒரு சிவப்பு இதயம் வரும், நானும் ஒன்று அனுப்புவேன். அந்த “இப்ப ஓகே” என் நெஞ்சுக்குள் மீன்முள் மாதிரிக் கிடந்தது. என்ன நடந்தது என்று கேட்கப் பயம். கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

3

போன வருடம் பங்குனியில் நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சொந்தத் தொழில் நடத்துகிற பெண்கள் வேலையையும் வாழ்க்கையையும் எப்படிச் சமாளிப்பது என்று மூன்று மாலை வகுப்பு நடத்துகிறார்களாம். கோப்பியும் கேக்கும் தருவார்களாம். வாழ்க்கைக்காக இல்லாவிட்டாலும் கேக்குக்காகப் போகலாம் என்று பதிவு செய்தேன்.

இந்த நாட்டில் கேக் தின்பதற்கும் முதலில் படிவம் நிரப்ப வேண்டும். “உங்கள் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது?” என்று ஒரு கேள்வி. “வேலை முடிந்ததும்” என்று எழுதினேன். ஒரு நேரத்தைக் குறிப்பிடும்படி மஞ்சள் காகிதத் துண்டு ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். ஆறரை என்று எழுதினேன். மறுபடியும் திரும்பி வந்தது. அடுத்த கேள்விக்கு நான் எழுதிய பதில் பிழையாம். “வேலை முடிந்த பின் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டிருந்தார்கள். “வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைப்பேன்” என்று உண்மையை எழுதியிருந்தேன்.

வகுப்பெடுத்தவள் இங்கர் என்ற நெடிய பெண். சலூன் வைத்திருக்கிறவள், பாற்கட்டி செய்து விற்கிறவள், பூக்கடைக்காரி என்று எட்டுப்பேர் வட்டமாக இருந்தோம். இவர்களெல்லாம் நாலு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு மலை ஏறுகிறவர்கள் என்றுதான் இத்தனை வருடமும் எண்ணியிருந்தேன். பாற்கட்டிக்காரி வாயைத் திறந்தாள். ஆடு குட்டி போட்ட அன்றுதான் தன் மகனின் பாடசாலைக் கச்சேரியும் நடந்தது, தான் ஆட்டோடு நின்றுவிட்டதாகச் சொல்லி அழுதாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கேக்கை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.

இங்கர் எங்களுக்கு வீட்டுவேலை தந்தாள். கிழமையில் ஒரு அரைநாளைத் தெரிவுசெய்ய வேண்டும். அந்த அரைநாள் கடை பூட்டு. போனை நிறுத்தி வைக்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் எழும்பக் கூடாது. மூன்று கிழமைக்குப் பிறகு வருகிற அடுத்த வகுப்பில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

எனக்கு எப்படி முடியும்? மே மாதம் வாசலில் நிற்கிறது, கொழுவி நிறைய உடுப்புத் தொங்குகிறது. ஆனால் ஆசிரியை தந்த வீட்டுவேலையைச் செய்யாமல் போய் நான் பழகியதில்லை. யோசித்தேன். நல்ல வழி ஒன்று தோன்றியது. ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்? வீட்டுவேலையை அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

4

அக்காவின் மில்லுக்கு நேரகாலம் கிடையாது. வீட்டு வளவுக்குள் மில் இருப்பதால் படலையைத் திறந்துகொண்டு யாரும் எப்போதும் வரலாம். விடிய நாலு மணிக்கு இடியப்பக் கடைக்காரி மாவுக்கு வருவாள். சாப்பாட்டுக் கோப்பையோடு அக்கா இருக்கும்போதுதான் யாராவது ஒரு கிலோ மிளகாயோடு வந்து நின்று, “நீங்கள் சாப்பிடுங்கோ யோகேஸக்கா, நான் நிக்கிறன்” என்பார்கள். பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்க எப்படிச் சோறு இறங்கும்? அக்கா கை கழுவிக்கொண்டு எழும்பிவிடுவார். முழங்கால் நோவுக்குக் கிளினிக்குக்கு வரச்சொல்லித் திகதி போட்டுத் துண்டு கொடுத்திருந்தார்கள். அந்தத் துண்டு ஆறு மாதமாக அலுமாரிக் கண்ணாடியில் செருகிக் கிடந்தது.

“அக்கா, கிழமையில ஒரு பின்னேரம் மில்லைப் பூட்டுங்கோ,” என்றேன்.

“பூட்டிப்போட்டு?”

“படுங்கோ. இல்லாட்டி சும்மா இருங்கோ.”

“சும்மா இருக்கிறதோ? கைகால் நல்லாயிருக்கிறவள் பட்டப்பகலில சும்மா இருந்தா சனம் என்ன சொல்லும்?”

அக்கா சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த நாட்டில் “இன்றைக்கு எனக்கு ஓய்வு” என்பதைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை ஏசுவதென்றால் “அவள் வீட்டில சும்மாதானே இருக்கிறாள்” என்பார்கள். அப்படிச் சொல்லப்படுகிறவள் அன்று விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை ஓடியிருப்பாள்.

நான் விடவில்லை. தினமும் மில் ஓடுகிற இரைச்சலுக்கு மேலாகப் போனில் கத்தினேன். “வருசம் முடியட்டும். பயற்றம் உருண்டைக்கு மாத் திரிக்கச் சனம் நிக்குது” என்றார். வருடப்பிறப்பு முடிந்தது. “சந்தி இடியப்பக் கடைக்காரி என்ன செய்வாள்?” என்றார். இடியப்பக் கடைக்காரிக்குச் செவ்வாயே மாவைத் திரித்துக் கொடுங்கள் என்றேன். கடைசியில் என் கரைச்சல் தாங்காமல் ஓம்பட்டார். வருகிற புதன்கிழமை, பின்னேரம் இரண்டு மணியோடு பூட்டு.

“போனையும் நிப்பாட்டி வையுங்கோ. ஆர் வந்து தட்டினாலும் எழும்பக் கூடாது. ஒரு போர்டு எழுதிப் படலையில கொழுவுங்கோ.”

“என்ர மில்லுக்கு என்னத்துக்கு போர்டு? வாற சனத்துக்குச் சொன்னாக் காணும்.”

சொன்னால் போதும்தான். ஆனால் அக்கா சொல்லவில்லை. ஓய்வெடுக்கப் போகிறேன் என்று எப்படி நாலுபேர் முன்னால் வாய்விட்டுச் சொல்வது என்று அவருக்கு வெட்கம். ஒருவரிடமும் மூச்சு விடாமல், புதன்கிழமை இரண்டு மணிக்கு மில் கதவைச் சாத்தி, ஆமைப்பூட்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த மில் பகல் வேளையில் பூட்டிக்கிடந்தது அதற்கு முன் ஒரே ஒருமுறைதான், அம்மா செத்த அன்று. எங்கள் பக்கத்தில் ஒரு கடை காரணமில்லாமல் பகலில் சாத்திக் கிடந்தால், அந்த வீட்டில் செத்தவீடு என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். நோர்வேயில் இருந்துகொண்டு போர்டு, போன் என்று எல்லாவற்றையும் யோசித்தவளுக்கு இது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

5

இனி வருவது அக்கா பிறகு சொன்னது.

அன்று மில் சத்தம் நின்றதை முதலில் கவனித்தவர் பக்கத்து வளவுப் பார்வதியக்கா. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அக்காவோடு ஒரு வயிற்றுப் பிள்ளை மாதிரிப் பழக்கம். வேலியால் எட்டிப் பார்த்தார். மில் கதவில் பூட்டு. வறுத்த மிளகாயோடு இரண்டு பெண்கள் படலையடியில் நிற்கிறார்கள். பார்வதியக்கா போன் எடுத்தார், அக்காவின் போன் நின்றுபோயிருந்தது. வீட்டுக் கதவைத் தட்டினார், பதில் இல்லை. பின்பக்கம் போய் யன்னலால் பார்த்தார். அக்கா கட்டிலில் குப்புறப் படுத்துக்கிடந்தார். முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது.

நான் அல்லவா சொல்லியிருந்தேன், யார் தட்டினாலும் எழும்ப வேண்டாமென்று. அக்கா தட்டின சத்தத்தைக் கேட்டாராம். கேட்டுவிட்டு, தங்கச்சி ஏசுவாள் என்று தலையணையை இன்னும் இறுக்கிப் பிடித்தாராம். பிறகு உண்மையாகவே நித்திரையாகிப்போனார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பகல் நித்திரை, அது லேசில் கலையவில்லை.

வெளியில் பார்வதியக்கா கணக்குப் போட்டார். மில் பூட்டு. போன் பூட்டு. மனிசி குப்புறக் கிடந்து விம்முகிறாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, தாய் தகப்பன் இல்லை. இருக்கிற ஒரே சொந்தம் நோர்வேயில். ஆகவே போனது நோர்வேக்காரி.

வன்னிச் சனத்தை உங்களுக்குத் தெரியும். செய்தி சரியோ பிழையோ, செத்தவீட்டு வேலை ஒரு நிமிடமும் தாமதிக்காது. சனசமூக நிலையத்திலிருந்து கதிரைகள் வந்தன. பார்வதியக்கா வளவில் கல்லு வைத்து அடுப்பு மூட்டிக் கோப்பி ஊற்றினார். யாரோ ஒரு பெட்டி றஸ்க் கொண்டுவந்தார்கள். உடல் இங்கே வருமோ அங்கேயே எரிப்பார்களோ என்று ஆண்கள் வேலியடியில் நின்று வாதாடினார்கள். பார்வதியக்காவின் மகள் தர்சி, என் ஆரணி இணையத்தில் போடுகிற படங்களுக்கெல்லாம் தவறாமல் விருப்பம் போடுகிற பிள்ளை. அவள் ஆரணிக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: “அக்கா, ஆழ்ந்த அனுதாபங்கள். அம்மாவுக்கு என்ன நடந்தது?”

ஐந்து மணிபோல் அக்கா எழும்பிக் கதவைத் திறந்தார். குலைந்த தலைமுடி. பகல் நித்திரையில் சிவந்து வீங்கிய கண். முற்றம் நிறையச் சனம். அவரைக் கண்டதும் பார்வதியக்கா ஓடிவந்து கட்டிப்பிடித்து, “ஐயோ என்ர யோகேஸ், உன்ர தங்கச்சி போயிட்டாளே” என்று பெருங்குரலெடுத்து அழுதார்.

அக்கா என்ன செய்திருக்க வேண்டும்? “ஆர் சொன்னது?” என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. “அவ்வளவு சனமும் அழேக்க, நான் படுத்துக்கிடந்த நேரத்தில செய்தி வந்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன்” என்றார் பிறகு. போனைப் போட்டு எனக்கு எடுத்தார். மணி அடித்தது, நான் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தார். பன்னிரண்டு முறை எடுத்தார். பிறகு மில் வாசலில் போட்டிருந்த கதிரையில் இருந்து அழத் தொடங்கினார்.

ஆறு மணிவரை, ஒரு மணித்தியாலம் முழுக்க, என் அக்கா எனக்காக உண்மையாகவே அழுதிருக்கிறார்.

6

அதே நேரம் இங்கே நான் மாரித் என்ற மூதாட்டியை ஒரு முக்காலியில் ஏற்றி நிறுத்திவைத்து, அவருடைய பாரம்பரிய உடுப்பின் இடுப்பைச் சுற்றி ஊசி குத்திக்கொண்டிருந்தேன். என் போன் தையல் மேசை லாச்சிக்குள், நூல் உருளைகளுக்கு அடியில், சத்தத்தை நிறுத்திப் போட்டபடி கிடந்தது. மே மாதம் நெருங்கினால் அது அப்படித்தான் கிடக்கும்.

ஊரில் ஆறு மணி என்றால் இங்கே பகல் இரண்டரை. கதவு படாரென்று திறந்தது. நிமிர்ந்து பார்த்தேன், ஆரணி. மழையில் நனைந்த தலை. ஒரு காலில் ஒரு நிறச் சப்பாத்து, மற்றக் காலில் இன்னொரு நிறம். என்னைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

என் வாயில் ஏழு குண்டூசி. என்ன என்று கேட்க முடியவில்லை. “ம்?” என்றேன்.

“ம் எண்டு சொல்லாதேங்கோ!” என்று கத்தினாள். “அம்மா, நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டு எனக்குச் சொல்லினம். நீங்கள் ம் எண்டு சொல்லுறீங்கள்!”

மாரித்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முக்காலியில் நின்றபடியே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் ஊசிகளைத் துப்பினேன். ஒன்று சட்டைக்குள் போனது. ஆரணி கதவோடு சாய்ந்து நின்று, தன் அரைத் தமிழில், மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். தர்சியின் செய்தியில் ‘அனுதாபங்கள்’ என்ற சொல் அவளுக்கு விளங்கவில்லை. போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறாள். விளங்கிவிட்டது. எனக்கு எடுத்தாள், நான் எடுக்கவில்லை. தகப்பனின் போன் தொழிற்சாலை அலுமாரிக்குள். பெரியம்மாவின் போன் நிறுத்திக்கிடந்தது. கைக்கு அகப்பட்ட சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

“கப்பலில கார் எல்லாம் மெதுவா மெதுவா ஏறிச்சுது, அம்மா. நான் திரும்பத் திரும்ப எடுத்தன். நீங்கள் எடுக்கேல்லை. பிறகு நினைச்சன், நீங்கள் ஒரு நாளும் எடுக்கிறேல்லைத்தானே. அப்ப எனக்கு எப்பிடித் தெரியும், நீங்கள் செத்திட்டீங்களோ, வேலை செய்யிறீங்களோ எண்டு?”

லாச்சியைத் திறந்து போனை எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பது முறை மகள். பன்னிரண்டு முறை அக்கா. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆரணி திரும்பினாள். கதவில் தொங்குகிற சிறு மட்டையை, ஒருபக்கம் திறந்திருக்கிறது, மறுபக்கம் பூட்டு என்று எழுதிய மட்டையை, பிடித்துத் திருப்பினாள். வேலை நேரத்தில் நான் ஒருநாளும் திருப்பாத மட்டை அது. மாரித் தானாகவே முக்காலியில் இருந்து இறங்கி, ஊசி குத்திய உடுப்போடேயே மேலங்கியைப் போட்டுக்கொண்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

முதலில் அக்காவுக்கு எடுத்தேன். “அக்கா, நான் மலர்” என்றேன். பிறகு வந்தது பாருங்கள். “எடி மூதேசி! விசரி! நீயெல்லோ என்னைப் படு படு எண்டு சொன்னனி! படுத்து எழும்பினா நீ செத்துக் கிடக்கிறாய்!” பின்னால் ஒரு முற்றம் நிறைந்த சனம் ஒரே நேரத்தில் கதைப்பதும், யாரோ தேங்காய் உடைப்பதும், பார்வதியக்கா உரத்துச் சிரிப்பதும் கேட்டன. ஏச்சு ஓய்ந்ததும் அக்கா மெதுவாகச் சொன்னார்: “உனக்கு அனுப்பவெண்டு திரிச்ச தூள் பொதி அலுமாரிக்குள்ள இருக்குதடி. இனி இதை ஆருக்கு அனுப்பிறது எண்டு சொல்லிச் சொல்லித்தான் அழுதனான்.”

அக்கா வைத்த பிறகு நானும் ஆரணியும் தையல் மேசைக்குக் கீழே, துணித் துண்டுகளுக்கு நடுவில், நிலத்தில் இருந்தோம். சின்ன வயதில் அவள் விளையாடுகிற இடம் அது. நான் கேட்கப் பயந்திருந்ததை அன்று கேட்டேன்.

“அண்டைக்கு ஒருநாள் கொஞ்சம் கதைக்கலாமோ எண்டு கேட்டனீங்கள். என்ன மகள் நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லை. அந்த அறையில எனக்கு ஆரையும் தெரியாது. வீட்டுக்கு வா எண்டு நீங்கள் சொன்னா வருவம் எண்டு நினைச்சு எடுத்தனான்.”

“பிறகு ஓகே எண்டு சொன்னீங்களே?”

“பிறகு அழுது முடிஞ்சுது,” என்றாள்.

என் பிள்ளை தனியாக அழுது முடித்த நேரத்தில் நான் யாருடையவோ காற்சட்டைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காற்சட்டை என்ன நிறம் என்றுகூட எனக்கு இப்போது நினைவில்லை. அவளைப் பிடித்து மடியில் சாய்த்தேன். அவள் என் சட்டைக்குள் இருந்த குண்டூசி குத்தி “ஆ” என்று கத்தினாள். இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

7

அடுத்த வகுப்பில் இங்கர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். என் முறை வந்ததும், “வீட்டுவேலையை என் அக்கா செய்தார், நான் செத்துப்போனேன்” என்றேன். என் நோர்வேஜிய மொழி பிழைத்துவிட்டதாக்கும் என்று அவள் இரண்டு தரம் திருப்பிக் கேட்டாள். முழுவதையும் சொன்னேன். பாற்கட்டிக்காரி கேக் புரையேறும்வரை சிரித்தாள். இங்கர் சிரித்து முடித்துவிட்டு, “அக்கா மறுபடி பூட்டுவாரா?” என்று கேட்டாள்.

நானும் அதே பயத்தில்தான் இருந்தேன். ஆனால் அடுத்த புதன்கிழமை பார்வதியக்காவே வந்து மில்லைப் பூட்டச் சொல்லி நின்றாராம். “நாங்க இம்புட்டுப் பேரு அழுதது வீணாப் போகக்கூடாது, படு” என்றாராம். அவருக்குக் கோபம் வந்தால் மலைநாட்டுப் பேச்சு வரும். அன்றைக்கு அக்கா படுக்கவில்லை. அலுமாரிக் கண்ணாடியில் இருந்த கிளினிக் துண்டை எடுத்துக்கொண்டு இருவரும் ஒன்றாகக் கிளிநொச்சிக்கு, முழங்காலைக் காட்டப் போனார்கள். வருகிற வழியில் ஐஸ்கிறீம் குடித்ததையும் ஒரு குற்றம்போலக் குரலைத் தணித்துச் சொன்னார்.

படலையில் இப்போது ஒரு தகரப் போர்டு தொங்குகிறது. தர்சி சிவப்பு மையால் எழுதியது. படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

“புதன் பின்னேரம் மில் பூட்டு. வீட்டில் எல்லோரும் சுகம்.”

அதைப் பார்த்து நானும் ஒரு மட்டையில் அப்படியே தமிழில் எழுதிவைத்தேன். புதன்கிழமை இரண்டு மணிக்கு என் கடைக் கதவில் அது தொங்கும். இந்தப் பட்டினத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. முதல் நாள் ஆரணிதான் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். “எல்-லோ-ரும் சு-கம்.” பிறகு இன்னொருமுறை ஒரே மூச்சில் வாசித்தாள். புதன்களில் அவள் அந்தப் பக்கத்திலிருந்து பஸ் ஏறுவாள், நான் இந்தப் பக்கத்திலிருந்து ஏறுவேன். நடுவில், கப்பல் துறையில் இருக்கிற சிறிய கோப்பிக் கடையில் சந்திப்போம். சில புதன்களில் அவளுக்குப் பரீட்சை, சில புதன்களில் எனக்கு வேலை தலைக்கு மேல். ஒழுங்காக நடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன கிழமை மாரித் மறுபடி வந்தார். அதே உடுப்பு, ஒரு வருடம் கூடிய இடுப்பு. முக்காலியில் ஏற்றி ஊசி குத்திக்கொண்டிருந்தேன். வெளியில் இன்னும் மூன்றுபேர் நிற்கிறார்கள். மேசைமேல், கண்ணுக்கு முன்னால் வைத்திருந்த போன் அடித்தது. நேரம் பகல் பதினொரு மணி.

வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் குத்தினேன். மணி நின்றுவிடக் கூடாதே என்று நேர்ந்துகொண்டு எடுத்தேன்.

“என்ன மகள்? என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லை அம்மா. சும்மா எடுத்தனான்.”

மாரித்தைக் கதிரையில் இருக்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, நானும் அந்த முக்காலியில் இருந்தேன்.